மூணு டப்பா ரப்பர்: எதை வைக்கறது, எதை விடறது

போன மாசம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பொள்ளாச்சில இருந்து போன். வீட்டம்மாவோட தம்பி, விவசாய பம்ப்செட், டீசல் இன்ஜின், கியர் பாக்ஸ்னு ரிப்பேர் பாக்கற ஒரு சின்ன ஒர்க்ஷாப் புதுசா போட்டிருக்கான். "மாமா, ரப்பர்ல மூணு ஐட்டத்துக்கு மேல ஸ்டாக் வைக்க கைல காசில்ல, எந்த மூணு வைக்கட்டும் சொல்லுங்க, ஆனா எல்லாம் ஒரிஜினல் ரப்பரா இருக்கணும், சிந்தெட்டிக் டூப்ளிகேட் எல்லாம் வேணாம்". நான் சிரிச்சுட்டேன், அவனுக்கு கோவம் வந்துருச்சு.

சிரிச்சதுக்கு காரணம் இருக்கு. கோயம்புத்தூர்ல ரெண்டு பிரஸ் வெச்சு ரப்பர் மோல்டிங் பண்ணிட்டு இருக்கேன், வாரத்துக்கு நாலு பேராவது இதே வார்த்தைய சொல்லிட்டுதான் வருவாங்க. மரத்துல இருந்து வந்தா ஒரிஜினல், பேக்டரில இருந்து வந்தா டூப்ளிகேட்னு ஒரு கணக்கு. தேனுக்கும் நெய்க்கும் அந்த கணக்கு சரிதான், ரப்பருக்கு கிடையாது. டீசல்ல நனையற ரிங்க ஒரிஜினல்ல போட்டீங்கன்னா ஒரு வாரம் தாங்காது, நைட்ரைல்ங்கற சிந்தெட்டிக் ரப்பர் ரிங் வருஷக்கணக்குல கெடக்கும், அப்ப இங்க எது டூப்ளிகேட்? அவனுக்கு போன்ல முழுசா சொல்ல முடியல, அதான் எழுதறேன், வேற யாருக்காவதும் உபயோகப்படட்டும்.

மொதல்ல மரத்து ரப்பர். எனக்கு சொந்த ஊர் குலசேகரம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம், எங்க தாத்தா தோட்டத்துல வெட்டு நடக்கறத பாத்து வளந்தவன். விடிய முன்னாடியே தலைல லைட்ட கட்டிட்டு வெட்டுக்காரர் போயிருவார், ஏன்னா வெயில் ஏறிட்டா மரத்துக்குள்ள இருக்க தண்ணி அழுத்தம் கொறஞ்சுரும், பால் ஒழுங்கா ஓடாது. பட்டைல சாய்வா ஒரு சீவல், பால் சிரட்டைல சொட்டும், அந்த பால்ல மூணுல ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணி. ஆசிட் ஊத்தி ஒறைய வெச்சு, ரோலர்ல விட்டு சீட் ஆக்கி, பொகை போட்டு காய வெப்பாங்க. வெட்டுக்காயத்துல காஞ்சு ஒட்டி இருக்கறது ஒட்டுப்பால், அத உரிச்சு உருட்டி பந்து பண்றதுதான் எங்க லீவு நாள் வேலை, கையெல்லாம் நாத்தம் அடிக்கும், எங்கம்மா சாப்பாட்டு தட்டு பக்கமே விட மாட்டாங்க.

அந்த பந்து ஏன் துள்ளுச்சுன்னு எனக்கு அப்ப தெரியாது. விஷயம் இதுதான்: ஐசோப்ரீன்னு ஒரு சின்ன மூலக்கூறு, அஞ்சு கார்பன் எட்டு ஹைட்ரஜன், இது ஆயிரக்கணக்குல கை கோத்து ஒரே சங்கிலியா நிக்கும். ஒவ்வொரு கண்ணிலயும் ஒரு டபுள் பாண்ட். அந்த டபுள் பாண்டுக்கு ரெண்டு பக்கமும் சங்கிலி ஒரே பக்கமா திரும்புனா அது சிஸ், எதிரெதிர் பக்கமா போனா ட்ரான்ஸ். ரப்பர் மரத்துல எல்லாமே சிஸ், அதனால சங்கிலி ஒவ்வொரு கண்ணிலயும் வளைஞ்சு வளைஞ்சு, பக்கத்து சங்கிலியோட அடுக்கா ஒட்டி படுக்க முடியாம, நூல்கண்டு சிக்கின மாதிரி கெடக்கும். அதே ஐசோப்ரீன் ட்ரான்ஸா இருந்தா நேரா நின்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கெட்டி ஆயிரும், அதுதான் கட்டாபெர்ச்சா. பல்லுக்கு ரூட் கெனால் பண்ணவங்க வாய்ல இப்பவும் அது இருக்கு, உள்ள அடைக்கறது அந்த சரக்குதான். கார்பன் ஹைட்ரஜன் எண்ணிக்கைல ஒரு வித்தியாசமும் இல்ல, திரும்பற பக்கம் மட்டும் மாறுச்சு, ஒண்ணு துள்ளுது இன்னொண்ணு பல்லுக்குள்ள சும்மா ஒக்காந்திருக்கு.

ஆனா வெறும் சீட்ட வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, வெயில்ல ஒட்டும், குளிர்ல வெறைக்கும். 1839ல அமெரிக்காவுல சார்லஸ் குட்இயர் கந்தகம் கலந்த ரப்பர் சூட்டுல பட்டப்ப ஒட்டாம கெட்டியா நிக்கறத பாத்தார், அதுதான் வல்கனைசேஷன். கந்தகம் பக்கத்து பக்கத்து சங்கிலிகளுக்கு நடுவுல பாலம் போடுது, இழுத்தா வரும், விட்டா பழைய எடத்துக்கு போகும். நாங்க இன்னிக்கும் அதேதான் பண்றோம், 100 கிலோ ரப்பருக்கு ரெண்டு மூணு கிலோ கந்தகம், அஞ்சு கிலோ ஜிங்க் ஆக்சைடு, கொஞ்சம் ஸ்டியரிக் ஆசிட், ஆக்சிலரேட்டர், கார்பன் பிளாக், அப்பறம் 150 டிகிரில பிரஸ். அதே கந்தகத்த 30 கிலோவுக்கு மேல போட்டா ரப்பர் எபோனைட் ஆயிரும், கட்டை மாதிரி, பழைய பேட்டரி டப்பா எல்லாம் அதுலதான் வந்துச்சு.

இப்ப ஒரு வேலை பண்ணுங்க. நல்ல தடிமனான ரப்பர் பேண்ட் ஒண்ணு எடுத்து மேல் ஒதட்டுல வெச்சுகிட்டு சடக்குனு இழுங்க, சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டு விடுங்க, ஜில்லுனு இருக்கும். 1805லயே ஜான் காஃப்னு (Gough) ஒரு இங்கிலாந்துக்காரர் இத எழுதி வெச்சிருக்கார், அவருக்கு கண்ணு தெரியாது, ஒதட்டுலதான் கண்டுபிடிச்சார். இன்னொண்ணும் இருக்கு, வெயிட்டு கட்டி தொங்கவிட்ட ரப்பர் பேண்ட சூடு பண்ணா இரும்பு மாதிரி நீளாது, சுருங்கி வெயிட்ட மேல தூக்கும். சிக்கிக் கெடக்கற சங்கிலிய இழுத்து நேராக்கறோம், அது திரும்ப சிக்கிக்கதான் பாக்கும், சூடு ஏறுனா இன்னும் வேகமா பாக்கும், அவ்ளோதான் ரப்பரோட இழுவை ரகசியம்.

மரத்து ரப்பருக்கு இதுக்கு மேல ஒரு தனி வரம் இருக்கு. நல்லா இழுத்தா சங்கிலியெல்லாம் நேராகி, அந்த எடத்துல தற்காலிகமா படிகமா அடுக்கிக்கும், அதாவது எங்க கிழியற மாதிரி இழுவை வருதோ அங்க தானாவே கெட்டி ஆயிரும். சிஸ் கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு இருக்கறதாலதான் இது நடக்குது. கார்பன் பிளாக் போடாம வல்கனைஸ் பண்ணாலே 20 மெகாபாஸ்கல் இழுவை தாங்கும், எஸ்பிஆர்ங்கற சிந்தெட்டிக் ரப்பர அதே மாதிரி பிளாக் இல்லாம பண்ணா ரெண்டு மூணுல அறுந்துரும். லேப்ல அதே பாலிஐசோப்ரீன சிந்தெட்டிக்கா பண்ணவும் ஆள் இருக்காங்க, 1950கள்ல சீக்லர் வகை வினையூக்கி வந்தப்பறம் முடிஞ்சுது, 98 சதவீதம் வரைக்கும் சிஸ் வரும், ஆனா மரம் பண்றத அப்படியே எட்டிப் பிடிக்கல, மரத்து சரக்குல இருக்க புரோட்டீனும் கொழுப்பும் கூட சேந்து வேலை செய்யுது. ஏரோப்ளேன் டயர் இன்னிக்கும் மரத்து ரப்பர்லதான் வருது, லாரி டயர்லயும் அதுதான் ஜாஸ்தி, கார் டயர்லதான் சிந்தெட்டிக் பங்கு கூட. திரும்ப திரும்ப மடங்கி நிமிர்ற எடத்துல இது கம்மியா சூடாகும், அதான் காரணம்.

அப்ப மோட்டார் கப்ளிங் புஷ்ஷு, இன்ஜின் மவுண்ட்டு, அதிர்வு தாங்கற பேடு இதுக்கெல்லாம் கண்ண மூடிட்டு மரத்து ரப்பர்தான், மாப்ள சொன்ன "ஒரிஜினல்" இங்க சரி. ஒரு டப்பா முடிஞ்சுது.

வில்லங்கம் எங்கன்னா அந்த டபுள் பாண்டுலயேதான். கந்தகம் பாலம் போட எடம் குடுக்கறது அதுதான், காத்துல இருக்க ஓசோன் வந்து வெட்டறதும் அதையேதான். இழுவைல இருக்க மரத்து ரப்பர வெயில்ல விட்டீங்கன்னா இழுத்த திசைக்கு குறுக்கா கோடு கோடா வெடிக்கும், கரி பிரஷ் தீப்பொறி பறக்கற மோட்டார் பக்கத்துலயும் வெல்டிங் ஷெட்லயும் இன்னும் சீக்கிரம். பீரோவுல பத்தரம் கட்டி வெச்ச ரப்பர் பேண்ட் கசகசன்னு பேப்பரோட ஒட்டிகிட்டு வர்றத பாத்திருப்பீங்க, அது ஆக்சிஜன் வேலை, சங்கிலி அறுந்து அறுந்து இளகிப் போயிருது. எஸ்பிஆர், நைட்ரைல் எல்லாம் பழசானா இளகாது, மாறா வெறைச்சுப் போகும், பழைய ரிங்க கைல எடுத்த ஒடனே எது என்னன்னு பாதி இதுலயே தெரிஞ்சுரும். செம்பு பட்டாலும் மரத்து ரப்பருக்கு ஆகாது, சீக்கிரம் கெடும், அந்தக் காலத்துல ரப்பர் போட்ட கரண்ட் ஒயர்ல செம்புக்கு மேல ஈயம் பூசுனதெல்லாம் அதுக்குதான் (ஈயம்னு நம்மாளுங்க சொல்றது, உண்மைல அது வெள்ளீயம்). சூடு 80 டிகிரிக்கு மேல தொடர்ந்து இருந்தா சொல்ல வேண்டியதே இல்ல.

அதுக்காக ரொம்ப பயப்படவும் வேணாம், தடிமன் இருந்தா கத வேற. மெல்போர்ன்ல ஒரு ரயில் பாலத்துல 1889ல வெச்ச மரத்து ரப்பர் பேடுகள நூறு வருஷம் நெருங்கறப்ப எடுத்து பாத்திருக்காங்க, மேல்தோல் ஒரு மில்லிமீட்டர் கணக்குல மட்டும் கெட்டிருந்துச்சு, உள்ள நல்லா இருந்துச்சு. கெட்டுப்போன தோலே உள்ள இருக்கறதுக்கு போர்வை ஆயிருது. மெல்லிசு ரிங்குக்கு அந்த பாக்கியம் கிடையாது.

எண்ணெய் விஷயத்துல நான் பட்டது. தொழிலுக்கு வந்த புதுசு, டீசல் பில்டர் மூடிக்கு 200 ரிங் ஆர்டர், நைட்ரைல் காம்பவுண்ட் கைல இல்ல, மரத்து ரப்பர் காம்பவுண்ட் நல்ல குவாலிட்டில ஒரு லாட் இருந்துச்சு. ரிங்குதான, கறுப்புதான, ஒரிஜினல் வேறன்னு அடிச்சுக் குடுத்துட்டேன். எட்டாவது நாள் பார்ட்டி வந்தார், ஒண்ணும் பேசல, ஒரு பிளாஸ்டிக் கவர டேபிள்ல வெச்சார். உள்ள நான் குடுத்த ரிங், ஊறப்போட்ட கொண்டக்கடலை மாதிரி உப்பி, தொட்டா வழவழன்னு, நகத்துல அழுத்துனா ஜெல்லி மாதிரி பிஞ்சு வருது. வெர்னியர் வெச்சு பாத்தேன், அஞ்சு மில்லிமீட்டர் தடிமன் ஆறரைய தாண்டிருச்சு. பள்ளத்துல ஒக்கார எடமில்லாம வெளிய பிதுங்கி, மூடி லீக், அவரோட நாலு வண்டி ரோட்டுல. 200 ரிங்கும் திரும்ப எடுத்துகிட்டேன், நைட்ரைல்ல அடிச்சு காசு வாங்காம குடுத்தேன், ஆறு மாசம் அவர் முகத்த பாக்க கூச்சமா இருந்துச்சு. அந்த உப்புன ரிங்ல ஒண்ணு இன்னும் என் டேபிள்ல ஒரு சின்ன பாட்டில்ல கெடக்கு, வேலைக்கு சேர்ற பசங்களுக்கு மொத நாள் அததான் காட்டுவேன்.

ஏன் உப்புச்சு? இனம் இனத்தோட சேரும்பாங்கள்ல, அதேதான். மரத்து ரப்பர் வெறும் கார்பன் ஹைட்ரஜன், டீசலும் வெறும் கார்பன் ஹைட்ரஜன், ரெண்டுக்கும் நடுவுல எந்த சண்டையும் இல்ல, டீசல் உள்ள போய் சங்கிலிகளுக்கு நடுவுல ஒக்காந்துக்கும். கந்தகப் பாலம் இருக்கறதால கரைஞ்சு ஓடாது, அது விடற அளவுக்கு உப்பும். நைட்ரைல் அதாவது என்பிஆர்ல என்ன பண்ணிருக்காங்கன்னா பியூட்டாடையீனோட அக்ரிலோநைட்ரைல சேத்து சங்கிலி ஆக்கிருக்காங்க, அந்த அக்ரிலோநைட்ரைல்ல கார்பன் நைட்ரஜன் மூணு பாண்ட்ல நிக்குது, மின்சார அளவுல ஒரு பக்கம் பிளஸ் ஒரு பக்கம் மைனஸ். எண்ணெய்க்கு அது ஆகாத வீடு, உள்ள வராது. 1930கள்ல ஜெர்மனில வந்த சரக்கு இது.

இதுலயும் ஒரு கிரேடு விஷயம் இருக்கு, கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. அக்ரிலோநைட்ரைல் 18 சதவீதத்துல இருந்து 50 வரைக்கும் போடலாம், சாதாரணமா கெடைக்கறது 33, 34. கூட போட்டா எண்ணெய் இன்னும் நல்லா தாங்கும், பெட்ரோலுக்கு அது நல்லது, ஆனா குளிர்ல வெறைச்சுக்கும், கம்மியா போட்டா குளிர் தாங்கும், எண்ணெய்ல கொஞ்சம் உப்பும். பொள்ளாச்சில குளிருக்கு பயம் இல்ல, அதனால நடுத்தரமோ அதுக்கு கொஞ்சம் மேலயோ வாங்குனா போதும். பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் கலக்க ஆரம்பிச்சப்பறம் பெட்ரோல் லைன் ரிங்குக்கு சாதா நைட்ரைல நான் நம்பறது இல்ல, அதுக்கு வேற பாக்கணும், கீழ சொல்றேன். சூடு 100 டிகிரி வரைக்கும் ஓகே. இதுலயும் டபுள் பாண்ட் இருக்கு, அதனால வெயில்ல மொட்டை மாடில வெச்சா இதுவும் வெடிக்கும், இத நெறைய பேர் மறந்துருவாங்க. ஆனாலும் ஒர்க்ஷாப்புக்கு மொத டப்பா எதுன்னு கேட்டா நைட்ரைல்தான், மரத்து ரப்பர் கூட ரெண்டாவதுதான். கிரீஸ், கியர் ஆயில், டீசல், பச்சத்தண்ணி நாலையும் ஒரே ரிங் பாத்துக்கும்.

எஸ்பிஆர் பத்தி கேப்பீங்க, விலை கம்மி, உலகத்துல அதிகமா ஓடற சிந்தெட்டிக் அதுதான். ஸ்டைரீனும் பியூட்டாடையீனும், ஜெர்மன்காரன் பூனா எஸ்னு பேர் வெச்சான், பியூட்டாடையீனுக்கு பூ, சோடியத்தோட ஜெர்மன் பேர் நேட்ரியத்துக்கு னா. 1942ல ஜப்பான் மலாயாவையும் டச்சு கிழக்கிந்தியாவையும் பிடிச்சதும் அமெரிக்காவுக்கு வந்துட்டு இருந்த மரத்து ரப்பர்ல பத்துல ஒம்போது பங்கு நின்னுபோச்சு, அப்ப அவசர அவசரமா அரசாங்கமே காசு போட்டு எஸ்பிஆர் பேக்டரிங்கள கட்டி மூணே வருஷத்துல யுத்தத்துக்கு வேண்டிய டயர் எல்லாம் ஓட்டிட்டாங்க. நம்ம நாட்டுல 1960கள்ல உத்தரப்பிரதேசத்துல பரேலில மொத பேக்டரி வந்தப்ப பியூட்டாடையீன கரும்பு மொலாசஸ் ஆல்கஹால்ல இருந்து பண்ணாங்க, பெட்ரோலியத்துல இருந்து இல்ல. அப்ப அது கரும்புல இருந்து வந்த ரப்பர், இதுக்கு என்ன சொல்லுவான் மாப்ள, ஒரிஜினலா டூப்ளிகேட்டா? ஆனா ஒர்க்ஷாப் ஸ்டாக்குக்கு எஸ்பிஆர் வேணாம். தேய்மானம் நல்லா தாங்கும், கால் மிதிக்கு, செருப்பு அடிக்கு, டயருக்கு சரி. எண்ணெய் தாங்காது, மரத்து ரப்பர் அளவுக்கு கிழிசல் தாங்காது, வேலை செய்யறப்ப சூடும் அதிகம், நமக்கு எதுக்கு.

மூணாவது டப்பாவுக்குதான் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். நான் ஈபிடிஎம்னேன். இது எத்திலீன், ப்ரொப்பிலீன், கூட கொஞ்சூண்டு டையீன். இதோட அழகே என்னன்னா நடு சங்கிலில டபுள் பாண்டே கிடையாது, கந்தகம் பிடிக்கறதுக்குன்னு ஒரு டபுள் பாண்ட பக்கத்துல கிளையா தொங்கவிட்டிருக்காங்க. ஓசோன் வந்து அந்த கிளைய வெட்டுனாலும் சங்கிலி அறாது. வெயில், மழை, சுடுதண்ணி, ஆவி எதுக்கும் அசராது, கார் கதவு பீடிங், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் இதுதான். 120, 130 டிகிரி சாதாரணமா ஓடும். எண்ணெய்னா மட்டும் மரத்து ரப்பர் மாதிரியே உப்பிரும், இதுவும் வெறும் கார்பன் ஹைட்ரஜன் தான.

ஒண்ணு சொல்லியே ஆகணும், பிரேக் ஆயில்னு நாம சொல்றது எண்ணெயே கிடையாது. அது பெரும்பாலும் கிளைக்கால்ங்கற (glycol) ரசாயன வகை, அதுக்கு ஈபிடிஎம் நல்லா தாங்கும், நைட்ரைல் போட்டா உப்பும். எண்ணெய்ல ஜெயிக்கற நைட்ரைல் இங்க தோக்கும், எண்ணெய்ல தோக்கற ஈபிடிஎம் இங்க ஜெயிக்கும். மெக்கானிக் பசங்க பிரேக் காலிப்பர பிரிச்சு பெட்ரோல்ல கழுவிட்டு அதே சீல போடறாங்க பாருங்க, அது பேரு கொலை. பெட்ரோல் பட்ட ஈபிடிஎம் உப்பி பிஸ்டன பிடிச்சுக்கும், பிரேக் விடாது. பிரேக் ஆயில்லயே கழுவுங்க, இல்லன்னா புது சீல் போடுங்க.

மாப்ள சொன்னது நியோப்ரீன். கார்பன் ஹைட்ரஜனோட கூட ஒரு குளோரின், ஐசோப்ரீன்ல மீதைல் குரூப் ஒக்காந்திருக்க எடத்துல இதுல குளோரின் ஒக்காந்திருக்கும். 1930ல டூபான்ட்ல கரோதர்ஸ் குரூப்ல வந்தது, நைலானும் பின்னாடி அதே ஆளுங்க வேலைதான். இது எல்லாத்துலயும் சுமார்: எண்ணெய் நைட்ரைல் அளவுக்கு இல்ல ஆனா தாங்கும், வெயில் ஈபிடிஎம் அளவுக்கு இல்ல ஆனா தாங்கும், இழுவை மரத்து ரப்பர் அளவுக்கு இல்ல ஆனா பரவால்ல, தீ வெச்சா தானா அணையும். எனக்கு சுமார் ஆளுங்கள புடிக்காது, ரப்பர்லயும் சரி. ஒவ்வொரு வேலைக்கும் அதுக்குன்னு இருக்கறத போடுன்னு நெனக்கிற ஆள் நான்.

மத்ததெல்லாம் ஸ்டாக் வேணாம், கேட்டா வாங்கிக் குடுத்துக்கலாம், ஆனா தெரிஞ்சு வெச்சுக்கணும். சிலிகான்ல சங்கிலியே கார்பன் இல்ல, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி, அதனால மைனஸ் 50, 60ல இருந்து 200 டிகிரி வரைக்கும் அப்படியே இருக்கும், சோலார் ஹீட்டர் டியூப் வாய் ரிங், குக்கர் கேஸ்கெட் (உள்ள 120 டிகிரி வருது), சாப்பாட்டு மெஷின் எல்லாம் அதுல போடலாம். ஆனா ஒரு ஓரத்துல கீறல் விழுந்தா பேப்பர் மாதிரி கிழியும், அசையற எடத்துல போடாதீங்க. வைட்டான்னு பொதுவா சொல்றது புளோரின் ரப்பர், 200 டிகிரில சூடான எண்ணெய்லயே கெடக்கும், மேல சொன்ன எத்தனால் பெட்ரோலுக்கும் அதுதான் என் சாய்ஸ், விலை நைட்ரைல் மாதிரி பல மடங்கு, கைல எடுத்தா கனமும் கூட. எல்லாம் தாங்கும்னு நெனச்சுராதீங்க, குளிர் தாங்காது. 1986 ஜனவரி 28 சேலஞ்சர் விண்கலம் வெடிச்சதுல ராக்கெட் ஜாயிண்ட்ல இருந்த ஓ ரிங் அந்த புளோரின் ரப்பர் குடும்பம்தான், காலைல பயங்கர குளிர், அமுக்குன ரிங் நிமிர்ற வேகம் பத்தல, சூடான வாயு ஜாயிண்ட் வழியா வெளிய வந்துருச்சு. விசாரணைல ரிச்சர்ட் பைன்மேன் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணில அந்த ரப்பர் துண்ட கிளாம்ப் போட்டு முக்கி எடுத்து காட்டுனார், அது நிமிர மாட்டேன்னுச்சு. பியூட்டைல் ரப்பர் காத்து விடாது, மரத்து ரப்பர விட பத்து மடங்கு கிட்ட கம்மியாதான் கசியும், சைக்கிள் டியூப், ஊசி மருந்து பாட்டில் மூடி அதுக்கு.

ஒரே பிரச்சினை, எல்லாமே கறுப்பு. கார்பன் பிளாக் போட்டா அண்ணன் தம்பி வித்தியாசம் தெரியாது, கடைக்காரன் நைட்ரைல்னு குடுக்கறது நைட்ரைல்தானான்னு எப்படி தெரியும்? நான் பண்றது ரொம்ப சாதாரணம். ஹார்லிக்ஸ் பாட்டில்ல டீசல் ஊத்தி ரிங்க போட்டு ராத்திரி பூரா விட்டுருவேன், போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ, காலைல தொடச்சுட்டு ஒரு தடவ வெர்னியர் வெச்சு அளக்கறது. மரத்து ரப்பர், எஸ்பிஆர், ஈபிடிஎம் மூணும் உப்பி காட்டிக் குடுத்துரும், நைட்ரைல் அசையாது, நியோப்ரீன் கொஞ்சமா உப்பும். சந்தேகமா இருந்தா செம்பு கம்பிய அடுப்புல பழுக்க காச்சி ரப்பர்ல தொட்டுட்டு திரும்ப நெருப்புல காட்டுவேன், பச்சை தீ வந்தா குளோரின் இருக்கு, நியோப்ரீன். சிலிகான கொளுத்துனா வெள்ள சாம்பல் நிக்கும், மத்தது கறுப்பு பொகை. ஜன்னல தொறந்து வெச்சுகிட்டு செய்யுங்க, வைட்டான மட்டும் கொளுத்தவே கொளுத்தாதீங்க, வர்ற பொகை விஷம்.

அப்பறம் வெறும் ரப்பர் பேர சொல்லி வாங்காதீங்க, கடினம் எவ்ளோன்னு கேளுங்க. ஷோர் ஏங்கற கடின அளவுல 70 சாதாரண ஓ ரிங், கப்ளிங் புஷ்ஷுக்கு 70, 80, மெத்துனு வேணும்னா 50. நல்ல பாலிமர வாங்கி பாதிக்கு மேல சாக் பவுடரும் எண்ணெயும் கலந்து நைட்ரைல்னு விக்கறவங்க இருக்காங்க, பேர் பொய் இல்ல, ரிங்தான் பொய்.

மாப்ளகிட்ட இவ்ளோவும் சொல்லி, நைட்ரைல், மரத்து ரப்பர், ஈபிடிஎம்னு முடிச்சேன். அவன் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "மாமா, டப்பால இருந்து ரிங் எடுக்கப் போறது நானா? கடைல ரெண்டு பசங்க இருக்கானுங்க, ஒருத்தன் பத்தாவது பெயிலு, எண்ணெய் கையோட மூணு டப்பாலயும் கைய விடுவானுங்க. ஈபிடிஎம் ரிங்க டீசல் பம்புல போட்டு விட்டானுங்கன்னா உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும். நியோப்ரீன எங்க மாத்தி போட்டாலும் ஒரு வருஷமாவது ஓடுமா ஓடாதா?"

ஓடும். பிரேக் வேலை அவன் பாக்கறது இல்ல, சுடுதண்ணி வேலை மாசத்துக்கு ஒண்ணு வந்தா ஜாஸ்தி. என்கிட்ட பதில் இல்ல. நான் ரப்பர பாத்தேன், அவன் டப்பால கைய விடறவன பாத்திருக்கான்.

போன வாரம் போயிருந்தேன். மூணு டப்பா, மூடில பெயிண்ட் அடிச்சிருக்கான், நைட்ரைலுக்கு சிவப்பு, நியோப்ரீனுக்கு பச்சை, மரத்து ரப்பருக்கு மஞ்சள். மஞ்ச மூடில மட்டும் ஒரு பேப்பர் ஒட்டி கொட்டை எழுத்துல "ஒரிஜினல்"னு எழுதிருக்கு. அதுக்கு கீழயே சின்னதா, "எண்ணெய் பக்கம் போகாது".